லாரி ஓட்டப் பழக எப்போது பணம் கட்டலாம், எவ்வளவு கட்டலாம்?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறிப் போடுகிறார்கள். கறவையில் இரண்டு மாடுகள். மகனுக்கு 19 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரரின் டிராக்டரை உழவுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில், '28,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினால் 45 நாளில் ஹெவி லைசென்ஸ், கையோடு நாமக்கல்லில் லாரி வேலை' என்று சொல்கிறார்களாம். இந்த மாதத்துக்குள் கட்டினால் 3,000 ரூபாய் தள்ளுபடியும் உண்டாம். ஒரு மாட்டை விற்றுக் கட்டலாமா, இல்லை கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனில் ஒரு பகுதியை எடுத்துக் கட்டலாமா என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். லாரித் தொழில் மோசமான தொழில் என்பதால் சொல்வதல்ல. மழையை நம்பியிருக்கும் வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தப் பயிற்சி நிலையம் சொல்லும் 45 நாள் கணக்கு சட்டப்படி நடக்காத கணக்கு.

மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களைச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல. கனரக வாகனத்துக்கான பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., வாங்குவதற்கே இலகு ரக வாகன உரிமம் கையில் வந்து ஓர் ஆண்டு முடிந்திருக்க வேண்டும். அந்த எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதத்துக்குச் செல்லும். அதற்குள் தேர்வை முடித்துவிட வேண்டும்.

கடிதத்தில் மகனுடைய வயது இருக்கிறது. அவரிடம் எந்த உரிமமும் இருப்பதாக எழுதப்படவில்லை. கிராமங்களில் டிராக்டர் ஓட்டும் இளைஞர்கள் பலரிடம் அது இருப்பதில்லை. பதினான்கு வயதிலிருந்து ஸ்டீயரிங் பிடித்திருக்கலாம், சேற்றுழவில் பெரியவர்களையே தோற்கடிக்கலாம். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஓராண்டுக் கணக்கு உரிமத்தில் அச்சாகும் தேதியிலிருந்துதான் தொடங்கும். உரிமம் இல்லாமல் டிராக்டரைத் தார்ச்சாலையில் ஏற்றினால் 5,000 ரூபாய் அபராதம். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000. விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை டிராக்டர் உரிமையாளரிடமே திருப்பிக் கேட்க வழி உண்டு. பக்கத்துத் தோட்டக்காரரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆகவே இந்த வீடு இப்போது செலவு செய்ய வேண்டியது கார், டிராக்டர் வகை உரிமத்துக்கு மட்டும். அதற்குப் பதினெட்டு வயது போதும். டிராக்டர் பழகிய கைக்குக் காரில் சில நாள் பழக்கம் கிடைத்தாலே தேர்வுக்குத் தயாராகிவிடலாம். உரிமம் வந்த நாளிலிருந்து ஓராண்டு காத்திருப்பதற்குள் மகனுக்கு இருபது வயதும் முடிந்துவிடும். அந்த ஓராண்டு வீணாகப் போகிறதே என்று வருந்த வேண்டியதில்லை. மாட்டை விற்காமலேயே பயிற்சிப் பணம் சேர்வதற்கான ஆண்டு அது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சங்கத்துக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் ஊற்றும் ஒரு மாடு. லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தால் 280 ரூபாய். அடர்தீவனம், பிண்ணாக்கு, தவிடு, மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து 150 ரூபாய் கழித்தாலும் நாளுக்கு 130 ரூபாய் நிற்கும். மாதம் 3,900. ஏழு மாதம் கறந்தால் 27,300. ஒரு கறவைக் காலம் சுமார் பத்து மாதம். அதாவது, எந்தக் கட்டணத்துக்காக அந்த மாட்டை விற்க நினைக்கிறார்களோ, அந்தக் கட்டணத்தை அந்த மாடே ஒரு கறவைக்குள் கொடுத்துவிடும். கன்று தனி வரவு. வீட்டுச் செலவு போக முழுப் பணமும் மிஞ்சாது என்றால், பாதியையாவது கூட்டுறவு வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் மாதா மாதம் போட்டு வரலாம். எண்கள் வீட்டுக்கு வீடு மாறும். தீவனச் செலவை உள்ளபடி எழுதிப் பார்த்து அவரவர் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். கறவையில் இருக்கும் மாட்டை அவசரத்தில் விற்பவருக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதைத் தரகர்கள் நன்றாக அறிவார்கள்.

பயிர்க்கடன் விஷயம் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் தவணைக்குள் திருப்பிக் கட்டுபவருக்குத் தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. இதைவிட மலிவான பணம் ஒரு விவசாயிக்கு எங்கும் கிடைக்காது. அதில் 28,000 ரூபாயை உருவினால் மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட வேண்டிய நாளில் கையில் பணம் இருக்காது. உரம் தள்ளிப்போனால் கதிர் சிறுக்கும். விளைச்சல் குறைந்தால் தவணை தவறும். தவணை தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த பருவத்துக்குக் கடன் கேட்கவும் வழி அடைபடும். மகன் லாரி ஏறி முதல் சம்பளம் அனுப்புவதற்குள் நிலம் இரண்டு பருவம் பின்தங்கிவிடும்.

சரி, ஓராண்டு கழித்துப் பணம் தயார். எந்தப் பள்ளியில் கட்டுவது?

அதற்கும் முன்னால் ஐம்பது, நூறு ரூபாயில் முடிகிற ஒரு வேலை இருக்கிறது: கண் பரிசோதனை. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு மருத்துவர் கையெழுத்திட்ட 1-ஏ படிவம் கட்டாயம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்பது அதில் உள்ள கேள்விகளில் ஒன்று. கண்ணாடி போட்டுப் படிக்க முடிந்தாலும் சரிதான். இதை வீட்டு வாசலிலேயே அடியளந்து சோதித்துப் பார்த்துவிடலாம். நிறம் பிரித்தறிவதில் லேசான, நடுத்தரக் குறை இருப்பவர்களுக்கு உரிமம் தரலாம் என்று 2020-ல் விதி தளர்த்தப்பட்டது. கடுமையான குறை இருந்தால் கிடைக்காது. மாலைக்கண் இருப்பவர் பகலில் எல்லாத் தேர்விலும் தேறிவிடக்கூடும். இரவு ஓட்டத்தில் அது உயிரை வாங்கும். அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் காட்டி, 'லாரி ஓட்டப் போகிறேன்' என்று சொல்லியே கேட்க வேண்டும். முழுத் தொகையும் கட்டிய பிறகு மருத்துவச் சான்றில் தடை வந்தால், பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அடுத்து, கட்டணத்தில் அரசுக்குப் போவது எவ்வளவு, பள்ளிக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, ஏற்கெனவே உள்ள உரிமத்தில் புதிய வாகன வகையைச் சேர்க்க 500. மொத்தம் 1,000 ரூபாய். சேவைக் கட்டணங்கள் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். இதை 'பரிவாஹன்' இணையதளத்தில் விண்ணப்பதாரரே நேரடியாகக் கட்டி ரசீது எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து இ-சேவை மையத்திலும் கேட்கலாம். 'கவர்ன்மென்ட் ஃபீஸே பத்தாயிரம் ஆகும்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

மீதி எல்லாம் பள்ளிக்கான கூலி. அந்தக் கூலிக்கு அவர்கள் கொடுக்க வேண்டியது லைசென்ஸ் அல்ல. லைசென்ஸ் கொடுப்பது அரசு. பள்ளி கொடுக்க வேண்டியது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரும் நேரம். போக்குவரத்து வாகனப் பயிற்சிக்குக் குறைந்தது 30 நாள், கனரக வண்டி என்றால் உண்மையில் வண்டியை ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்று மத்திய விதி சொல்கிறது. பயிற்சி முடிந்ததற்கு அடையாளமாகப் பள்ளி கொடுக்கும் ஐந்தாம் எண் படிவம் இருந்தால்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு பழைய லாரி, அதில் ஐந்து பேர், காலையில் ஒரு மணி நேரம். ஒருவர் ஓட்ட நான்கு பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு 12 நிமிடம். முப்பது நாள் விடாமல் போனாலும் ஆறு மணி நேரம்தான் தேறும். 28,000 ரூபாயை ஆறால் வகுத்தால் மணிக்கு 4,666 ரூபாய். இன்னொரு பள்ளியில் 34,000 ரூபாய் கேட்கிறார்கள், ஆனால் 38 மணி நேரப் பயிற்சி தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அங்கே மணிக்கு 895 ரூபாய்தான். மலிவு என்று தெரிந்தது ஐந்து மடங்கு விலை. விதை வாங்கும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காமல் முளைப்புத் திறனையும் பார்க்கிற அதே கணக்குதான் இது.

38 மணி என்பது சும்மா சொன்ன எண் அல்ல. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்று ஒரு வகை வந்திருக்கிறது. அங்கே நடுத்தர, கனரக வாகனப் படிப்பு ஆறு வாரத்தில் 38 மணி நேரம். வகுப்பறைப் பாடமும் அதில் அடக்கம். அங்கே தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து மாவட்டங்களில் அப்படிப்பட்ட மையம் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெயர்ப் பலகையில் 'அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதால் மட்டும் அது அந்த வகை மையம் ஆகிவிடாது. சாதாரண ஓட்டுநர் பள்ளிக்கும் அரசு உரிமம் உண்டு. அவர்களும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம்.

தனியார் பள்ளிகளைத் தவிர வேறு இடங்களும் இருக்கின்றன. அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நடத்துகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் உண்டு. தாட்கோவும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் அவ்வப்போது அறிவிக்கும் இலவசப் பயிற்சிகளில் கனரக வாகனம் ஓட்டுவதும் இடம்பெற்றிருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு முறையும், தகுதி இருப்பவர்கள் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் ஒரு முறையும் விசாரித்துவிட்டு, அதன் பிறகு தனியார் பள்ளிப் படி ஏறினால் போதும். ஒரு நாள் பேருந்துச் செலவில் பெரும் தொகை மிச்சமாக வாய்ப்பு இருக்கிறது.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால், பணத்தோடு போகாமல் வெறுங்கையோடு ஒரு காலை நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். பள்ளியின் உரிமமும் பாடத்திட்டமும் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. உரிமம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது, தேதியைப் பார்க்கலாம். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கலாம். ஒரு வண்டிக்கு ஒரு நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார்கள் என்று எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். பதினைந்தாம் எண் படிவம் என்று அதற்குப் பெயர். 'எங்கள் பையன் சேர்ந்தால் தினமும் இதில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்களா?' என்ற ஒரு கேள்வி போதும். பதிவேட்டை எடுத்துக் காட்டுகிற பள்ளியும் உண்டு, 'அதெல்லாம் எதுக்கும்மா, லைசென்ஸ் வந்தா போதாதா' என்று சிரிக்கிற பள்ளியும் உண்டு. சான்று விதைப் பையில் நீல அட்டையைத் திருப்பிப் பார்த்துக் காலாவதி நாள் படிக்கிற விவசாயிக்கு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் தேவையில்லை.

பணத்தைத் தவணையாகக் கட்டுவதுதான் முறை. சேரும்போது மூன்றில் ஒரு பங்கு, பாதி மணி நேரம் முடிந்ததும் ஒரு பங்கு, பயிற்சி முடிந்து ஐந்தாம் எண் படிவம் கைக்கு வரும்போது மீதி. ஒவ்வொன்றுக்கும் முத்திரையோடு ரசீது. தேர்வில் முதல் முறை தேறாவிட்டால் மறு பயிற்சிக்கு எவ்வளவு, தேர்வு நாளுக்கு வண்டி வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா தனியா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். 'இந்த மாதம் மட்டும் தள்ளுபடி' என்பதற்காக மொத்தத்தையும் கொடுத்துவிட்டால், பிறகு பள்ளிக்காரரைக் கேட்பதற்குக் கையில் பிடி எதுவும் இருக்காது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வரக் கூடாது. நகல் போதும், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்லில் கையோடு வேலை என்ற வாக்குறுதி பற்றி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் லாரியும் ரிக் வண்டியும் நிறைய. ஓட்டுநர் தேவை உள்ள இடங்கள்தான். அதனால் வேலை வாங்கித் தருவதற்கென்று தனியாகப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. ஆனால் புது லைசென்ஸோடு வருபவரிடம் எந்த உரிமையாளரும் பல லட்ச ரூபாய் வண்டியை உடனே தனியாக ஒப்படைக்க மாட்டார். இரண்டாவது ஓட்டுநராகத்தான் ஏற்றுவார்கள். முதல் சில மாதம் சம்பளமும் பேட்டாவும் குறைவாகவே இருக்கும். வீட்டுக் கணக்கில் அதை மறக்கக் கூடாது. எரிவாயு டேங்கர் ஓட்டினால் வரும்படி அதிகம் என்று கேள்விப்பட்டு ஆசைப்படுபவர்கள் உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மூன்று நாள் தனிப் பயிற்சியும் உரிமத்தில் தனிப் பதிவும் வேண்டும். அது முதல் நாள் வேலை அல்ல. அரசுப் பேருந்து வேலையும் அப்படித்தான். 2025-ல் வந்த ஓட்டுநர்-நடத்துநர் அறிவிப்பில் கனரக உரிமத்தோடு 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று எல்லாம் கேட்டிருந்தார்கள். வயதும் 24 நிறைந்திருக்க வேண்டியிருந்தது. பயிற்சி முடித்ததும் அரசு வேலை என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப ஒரு காரணமும் இல்லை.

ஓட்டும் நேரத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. வெறும் லாரியும் பாரம் ஏற்றிய லாரியும் ஒரே வண்டி அல்ல. மூன்று அச்சு, பத்துச் சக்கர லாரிக்குச் சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை அனுமதி. அந்த எடை இறக்கத்தில் தள்ளும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் எத்தனை முறை முன்னால் போன வண்டிகளை நசுக்கியிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, கியரைக் குறைக்காமல் இறங்குவது போன்ற பழக்கங்கள் அங்கே உயிர்ப்பலி வாங்கியிருக்கின்றன. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குவது, பாரத்தோடு ஏற்றத்தில் நின்று பின்னால் நழுவாமல் எடுப்பது, கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது, எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது இடது ஓரக் கோட்டைப் பிடித்துப் போவது எல்லாம் 12 நிமிடத்தில் வருபவை அல்ல. பள்ளியில் சேரும்போதே பாரம் ஏற்றிய வண்டியில் ஓட்டம் உண்டா, இரவு ஓட்டம் உண்டா, மலைச்சாலைக்குக் கூட்டிப் போவார்களா என்று கேட்கலாம். சில பள்ளிகளில் இல்லை என்பார்கள். அப்படியானால் அந்தப் பாடத்தை இரண்டாவது ஓட்டுநராகப் போகும் காலத்தில் ஒரு நல்ல மூத்த ஓட்டுநரிடம் கற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தாவது சேரலாம்.

முன்பெல்லாம் கிளீனராக ஏறி, நான்கைந்து ஆண்டு டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, அண்ணன்மாரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங் கைக்கு வரும். இப்போது கிளீனர் இல்லாமலேயே பல லாரிகள் ஓடுகின்றன. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டதால்தான் காசு கட்டிப் படிக்கும் பள்ளியில் மணிக்கணக்கு இத்தனை முக்கியமாகிறது. பெரம்பலூர் இளைஞருக்குக் காத்திருக்கும் அந்த ஓராண்டில், அறுவடைக் காலத்தில் சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ ஏற்றிப் போகும் தெரிந்தவர் லாரியில் நாலைந்து நடை கூடப் போய்வர முடிந்தால் நல்லது. ஓட்டுவதற்கு அல்ல. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, செக்போஸ்ட் எப்படி, வீட்டை விட்டு வாரக்கணக்கில் இருக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு. சட்டப்படி மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலைதான். சாலையில் நடப்பது வேறு. அது ஒத்துவராது என்று இரண்டாம் நடையிலேயே தெரிந்துவிட்டால், பயிற்சிப் பணம் மொத்தமும் மிச்சம். மாடும் கொட்டிலிலேயே நிற்கும்.

இதே பொருளில் வந்த இன்னொரு கேள்வி. திண்டுக்கல் பக்கத்து வாசகர் ஒருவர் காய்கறி ஏற்றப் பழைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறார். கார் லைசென்ஸ் இருக்கிறது. 'ஹெவி எடுக்காமல் சரக்கு வண்டி ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது' என்று ஒருவர் பயமுறுத்தி, பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறாராம்.

அவர் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து வாகனப் பதிவு தேவையில்லை என்பது தீர்ப்பு. டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் எல்லாம் இந்த எடைக்குள் அடங்குபவை. ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். அது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. வெறும் வண்டியின் எடை அல்ல. ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கான தனி விதிகள் இதில் அடங்கா. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்காக மட்டும் ஓட்டுநர் பயிற்சியை யோசிக்கும் பல குடும்பங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தச் சாதாரண உரிமம்தான்.

மூன்றாவது கேள்வி கரூரிலிருந்து. வயது 43, படிப்பு ஆறாம் வகுப்பு, கார் லைசென்ஸ் எடுத்துப் பன்னிரண்டு ஆண்டு. எட்டாம் வகுப்பு படிக்காதவருக்கு லாரி லைசென்ஸ் கிடையாது என்று சொல்கிறார்களே, உண்மையா?

முன்பு அப்படி விதி இருந்தது. 2019 செப்டம்பரில் அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது போக்குவரத்து வாகன உரிமத்துக்குப் பள்ளிப் படிப்பு நிபந்தனை இல்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் 'ஏற்பாடு செய்து' தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. போலிச் சான்றிதழ் வழக்கில்தான் போய் முடியும். எல்.எல்.ஆர். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், சாலைக் குறிகளை மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். அவர் கவனிக்க வேண்டியது கண்ணைத்தான். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று கேட்பார்கள். நாற்பதுக்கு மேல் கண் மாறிக்கொண்டே வரும், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக மாறும். பணம் கட்டுவதற்கு முன் கண்ணையும் சர்க்கரையையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடி தேவைப்பட்டால் இரண்டு ஜோடியாகச் செய்துகொள்ளலாம். ஒன்று முகத்தில், இன்னொன்று எப்போதும் வண்டியின் டாஷ்போர்டில்.